பத்துப் பார்த்து வைத்த ஊசி

குண்டானுக்கு என்று எழுதிவிட்டு அடித்தேன். இருபத்தைந்து வருஷத்துப் பழக்கம், கை தானாகப் போய்விட்டது. வைகாசியில் உனக்குக் கல்யாணம். அதற்கப்புறம் சித்தூரில் தனிக் குடித்தனம். அந்தப் பெண் முதன்முதலில் உன் பெயரில் வரும் கடிதத்தைப் பார்க்கும்போது மேலே 'குண்டான்' என்று இருந்தால் நன்றாக இருக்காது. ஆகவே, மகனே, உனக்கு உன் அப்பா எழுதுவது. இதை உறையில் போட்டு ஒட்டாமல் ஊரே படிக்கும்படி எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. உன் உடம்பைப் பற்றி இத்தனை வருஷம் நான் பேசியதெல்லாம் ஊர் நடுவில், நாலு பேர் சிரிக்கும்படி. மன்னிப்பை மட்டும் சமையலறை மூலையில் வைத்து ரகசியமாகக் கேட்டால் அது நியாயமில்லை. உன்னிடம் அனுமதி கேட்டேன். "தாராளமா எழுதிக்கோங்கோப்பா. ஆனா என் எடையைக் குறைச்சு எழுதாதேங்கோ, அது நானே பாடுபட்டுக் குறைக்கறது" என்றாய். எனவே உள்ளபடியே எழுதுகிறேன். ஆரம்பத்தில் நீ நூற்று இருபத்தாறு கிலோ. என் எடை இந்தக் கடிதத்தில் வராது.

உனக்குக் குண்டான் என்று பெயர் வைத்தவன் நான்தான். நாலு வயதில் புளியோதரைக் குண்டானுக்குள் கையை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். பாத்திரம் எது, பிள்ளை எது என்று கேட்டேன். கோஷ்டியில் எல்லோரும் சிரித்தார்கள். கோயிலில் பிரபந்தம் சேவித்து முடித்து, பிரசாதத்துக்காகக் காத்திருக்கும் அந்தக் கால் மணி நேரம் இருக்கிறதே, அதில் என்னைப் போல ஒரு ஹாஸ்யக்காரனுக்குக் கிடைக்கும் மரியாதை ஆபீசில் சூப்பரிண்டெண்ட் நாற்காலியில் கிடைக்காது. அந்த மரியாதைக்காக உன்னை வாராவாரம் விற்றேன். வீட்டிலோ நேர் எதிர். நம்மாத்துப் பந்தியில் 'போதும்' என்ற சொல்லுக்கு அர்த்தமே கிடையாது என்பது உனக்குத் தெரியும். முதல் போதும் கூச்சம், இரண்டாவது போதும் உபசாரம், மூன்றாவது போதும் சொல்லும்போது இலையில் ஏற்கெனவே விழுந்திருக்கும். உன் அம்மா போட, நான் 'இன்னும் ஒரு கரண்டி விடு, வளர்ற பிள்ளை' என்பேன். அதே பிள்ளை மறுநாள் கோஷ்டியில் எனக்கு ஜோக். ஒரே வாயால் ஊட்டியும் விட்டேன், கேலியும் செய்தேன். நீ இரண்டையும் விழுங்கினாய்.

போன வருஷம் சித்தூர் ஆபீசிலிருந்து பைக்கில் வீட்டுக்கு வரும்போது, பூதலப்பட்டு தாண்டி, பட்டப்பகல் மூன்று மணிக்கு, நீ ஒரு மாந்தோப்பு வேலிக்குள் போய் விழுந்தாய். லாரி மோதவில்லை, நாய் குறுக்கே வரவில்லை. ஓட்டிக்கொண்டிருக்கும்போதே தூங்கிவிட்டாய். தோப்புக்காரர் போன் செய்து, "சார், மீ அப்பாயி பாகுன்னாடு, உங்க பையனுக்கு ஒண்ணும் ஆகல, சட்டைதான் கிழிஞ்சிருக்கு, ஆனா வேலியில படுத்த மாதிரியே தூங்கறான்" என்றார். வழக்கம்போல அதையும் ஜோக்காக்கத்தான் பார்த்தேன். இரண்டு நாள் கழித்து, தூக்கத்தில் உன் மூச்சு நின்று நின்று வருகிறது, ராத்திரி முழுக்கத் தூங்கியும் தூங்காதவன் மாதிரிதான் எழுந்திருக்கிறாய் என்று பரிசோதனையில் தெரிந்தது. ஊரே ரசித்த உன் குறட்டைக்கு நடுநடுவே வரும் மௌனத்தை நான் நிம்மதி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது மூச்சு நின்ற நேரம். அன்றைக்கு எனக்கு ஜோக் வரவில்லை.

டாக்டரம்மாவிடம் நீ தனியாகவே போயிருப்பாய். நான்தான் ஒட்டிக்கொண்டு வந்தேன். தெலுங்கும் தமிழும் கலந்து பேசும், சிரிக்காத முகம் கொண்ட அந்த அம்மாள், "குடும்பத்துல யாருக்காவது தைராய்டு புற்றுநோய், கணையத்துல வீக்கம் வந்திருக்கா?" என்று கேட்டார். நான் என் அத்தையின் சாதாரணத் தைராய்டு மாத்திரையில் ஆரம்பித்து, அவள் நாத்தனாரோடு பேச்சு வார்த்தை நின்றது வரைக்கும் சொன்னேன். அவர் தாளில் 'இல்லை' என்று ஒரு சொல் எழுதினார். உனக்கு ரத்த அழுத்தம் கொஞ்சம் கூடுதல், கல்லீரலில் கொழுப்பு, சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது. மூச்சுக்கு ஒரு மிஷின், எடைக்கு மருந்து, இரண்டும் வேண்டும் என்றார்.

மருந்துகளை அவர் ஒவ்வொன்றாக விளக்கியபோது நீ குறிப்பெடுத்தாய், நான் குறுக்கே பேசினேன். பசியை அடக்கும் பழைய மாத்திரை ஒன்று நெஞ்சுத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் ஏற்றுமாம், உனக்கு அது வேண்டாம் என்றார். இன்னொன்று, சாப்பிட்ட கொழுப்பை உடம்பு எடுத்துக்கொள்ளாமல் வெளியே அனுப்பும் மாத்திரை. "நெய் விட்டுப் பொங்கல் சாப்பிட்டா?" என்று கேட்டேன். "நெய் வந்த வேகத்துல வெளிய போயிடும் சார். பாத்ரூம் பக்கத்துல இருக்கணும், அவ்வளவுதான்" என்றார், முகம் மாறாமல். மூன்றாவது, தினம் காலையில் வெறும் வயிற்றில் ஒரு மடக்குத் தண்ணீரோடு போட்டுக்கொண்டு அரை மணி நேரம் வேறு எதுவும் குடிக்காமல் இருக்க வேண்டிய மாத்திரை. "காபி கூடவா?" என்றேன். "காபிதான் சார் முக்கியமா." நான் உன் சார்பில் அதை நிராகரித்தேன். "சார், மீரு ஆகண்டி, கொஞ்சம் இருங்க. பேஷண்ட் நீங்க இல்ல" என்றார். கடைசியாக, வாரம் ஒருமுறை வயிற்றுத் தோலில் தானே போட்டுக்கொள்ளும் ஊசி. பேனா மாதிரி இருக்கும். பெயர் வாயில் நுழையவில்லை, 'டைட்' என்று முடிந்தது. சட்டை டைட், பேண்ட் டைட், மருந்தும் டைட் என்று சொல்ல வாயெடுத்தேன். நீ திரும்பி ஒரு பார்வை பார்த்தாய். மூடிக்கொண்டேன்.

ஊசியை நீ தேர்ந்தெடுக்கும் முன் கேட்ட கேள்விகளை நினைத்தால் இப்போதும் எனக்குப் பெருமை. எவ்வளவு குறையும் என்று நீ கேட்கவில்லை. "நிறுத்தினா என்ன ஆகும் மேடம்?" என்று கேட்டாய். அவரும் பூசி மெழுகவில்லை. நிறுத்தினால் பெரும்பாலும் எடை திரும்பும், ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை மாதிரிதான் இதுவும், நீண்ட நாள் விஷயம் என்றார். சின்ன அளவில் தொடங்கி மாதாமாதம்தான் ஏற்றுவோம், குமட்டும், மலச்சிக்கல் வரும், வயிற்று வலி விடாமல் இருந்தால் உடனே ஓடி வரணும், பருப்பும் தயிரும் பனீரும் கூட்டி உடற்பயிற்சியும் செய்யாவிட்டால் கொழுப்போடு சதையும் கரையும் என்றார். "இது பசியைக் கொல்ற மருந்து இல்ல. வயிறு அனுப்பற 'போதும்'ங்கற சேதி உங்களுக்கு லேட்டா வருது. அதைச் சீக்கிரம் கொண்டாந்து சேர்க்கும்" என்றார். நீ தலையை ஆட்டினாய். நான் தரையைப் பார்த்தேன். அந்தச் சேதி உனக்கு வந்த நாட்களிலெல்லாம் இலைக்கு மேலே கரண்டியோடு நின்றவர்கள் நாங்கள்.

நீ ஊசியை ஆரம்பித்ததை உன் அம்மாவும் நானும் தவிர யாருக்கும் சொல்வதில்லை என்று ஏற்பாடு. அந்த ஏற்பாடு மூன்று நாள் நின்றது. நான்காம் நாள் கோஷ்டியில் சம்பத் மாமா என் காதருகே வந்து, "என்னடா, குண்டான் ரெண்டாம் தரம் பிரசாதம் சாதிக்கறதுக்குள்ள கையை எடுத்துட்டான்? உடம்பு சரியில்லையா?" என்றார். சம்பத் மாமா என் பால்ய சிநேகிதர், என்னைவிட இரண்டு வயது பெரியவர், எந்தச் சேதியும் அவரிடம் போனால் மாலைக்குள் மலையடிவாரத்து அலிபிரி வரை எட்டிவிடும். தெரிந்தும் சொன்னேன். எனக்கு ரகசியம் செரிக்காது. மறுநாளே அவர் ஆராய்ச்சியோடு வந்தார். "அது பல்லி எச்சில்டா. அமெரிக்காவுல பாலைவனத்துல ஒரு பல்லி இருக்காம், அதோட விஷம். ஆசாரமான ஆத்துல இதையெல்லாம் ஃப்ரிட்ஜுல வெப்பாளோ?" காஞ்சிபுரம் போய்க் காசு கொடுத்துத் தங்கப் பல்லியைத் தொட்டுவிட்டு வருகிறவர்களுக்கு அமெரிக்கப் பல்லி ஆகாதா என்று நான் திருப்பிக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. உன்னிடம் வந்து கேட்டேன். நீ பொறுமையாகச் சொன்னாய்: "அந்தப் பல்லி எச்சில்ல இருந்த ஒண்ணைப் பாத்துதான்பா இந்த வழியே முதல்ல தெரிஞ்சுது. இப்ப வர்றது தொழிற்சாலையில பண்றது. பல்லி அதோட ஊர்ல சௌக்கியமா இருக்கு." எனக்குப் புரிந்தது. ஆனால் புரிந்தது மூளைக்கு. பயம் வேறெங்கோ உட்கார்ந்திருந்தது.

என் அப்பாவின் தெவசம் சனிக்கிழமை வந்தது. வெள்ளிக்கிழமை நீ சித்தூரில் ஆபீசில் இருந்தாய், உன் அம்மா பாத்திரம் ஒழித்துக்கொண்டிருந்தாள். ஃப்ரிட்ஜைச் சுத்தம் செய்வது என் பொறுப்பு. நம்மாத்து ஃப்ரிட்ஜில் ஒரு சட்டம் உண்டு. வடித்த சாதம் பட்டதெல்லாம் பத்து. பத்து கீழ்த்தட்டில், பாலும் தயிரும் மேல்தட்டில், ஒன்றை ஒன்று தொடக் கூடாது. உன் பேனா எந்தத் தட்டு? சாதம் இல்லை, பால் இல்லை, காய் இல்லை. சம்பத் மாமா சொல்கிறபடி பார்த்தால் பல்லி. இத்தனை நாள் கதவில் எலுமிச்சம்பழத்துக்குப் பக்கத்தில் இருந்தது. மறுநாள் தெவசத்துக்கு வரப்போகிறவர்களில் சம்பத் மாமாவும் ஒருவர். எதிலும் படாத ஓர் இடம் வேண்டும் என்று யோசித்தேன். ஃப்ரீசரில் ஐஸ் தவிர ஒன்றுமில்லை. ஐஸுக்குப் பத்து கிடையாது. இரண்டு வாரம் போட்டது போக மீதி இருந்த பேனாவை அதன் பெட்டியோடு உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினேன். ஆசாரத்தையும் காப்பாற்றி, மருந்தையும் கெடாமல் கூடுதல் குளிர்ச்சியில் வைத்த என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

சனிக்கிழமை எல்லாம் முடிந்து, வந்தவர்கள் வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு போனபின் அதை வெளியே எடுத்தேன். பெட்டியில் உறைபனி. துடைத்தபோதுதான் பக்கவாட்டில் அச்சடித்திருந்ததைப் படித்தேன்: உறைய வைக்கக் கூடாது, உறைந்ததை உபயோகிக்கக் கூடாது. ஆபீசில் அடுத்தவன் கோப்பில் ஒரு கால்புள்ளி தப்பினாலும் சிவப்பு மையால் வட்டம் போடுகிறவன் நான். அப்புறம் நான் செய்ததைத்தான் நாலு பேர் அறியச் சொல்ல வேண்டும். பேனாவைப் பழையபடி எலுமிச்சம்பழத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். சாயங்காலத்துக்குள் உருகித் தெளிந்து தண்ணீர் மாதிரி ஆகிவிட்டது. பார்க்க ஒரு வித்தியாசமும் இல்லை. நானும் ஒரு வித்தியாசமும் இல்லாமல் டிபன் சாப்பிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை உனக்கு ஊசி நாள். சம்பத் மாமா காபிக்கு வந்து உட்கார்ந்திருந்தார். நீ கையை அலம்பிக்கொண்டு, பேனாவை எடுத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, புது ஊசி முனையைத் திருகினாய். நான் காபியை ஆற்றிக்கொண்டே இருந்தேன். "சட்டையைத் தூக்கிண்டு எங்கடா குத்திக்கப் போற, காட்டேன் பாப்போம்" என்றார் மாமா. நீ சிரித்துக்கொண்டே பஞ்சால் துடைத்தாய்.

"அதைப் போட்டுக்காதேடா" என்றேன்.

"ஏம்ப்பா? மாமா இருக்கார்னா? உள்ள போய்ப் போட்டுக்கறேன்."

"அதில்ல. அது ஃப்ரீசர்ல இருந்தது."

"எப்போ?"

"வெள்ளிக்கிழமை. நேத்து மத்தியானம் வரைக்கும்."

"யார் வெச்சா?"

உன் அம்மாவின் பக்கம் என் கண் போனது. நிஜமாகவே போனது, அதையும் எழுதிவிடுகிறேன். பிறகு, "நான்தான். பத்துப் பாத்து வெச்சேன்" என்றேன். சம்பத் மாமா டபராவைக் கீழே வைத்தார்.

நீ முனையைக் கழற்றி டப்பாவில் போட்டுவிட்டு கிளினிக்குக்குப் போன் செய்தாய். ஸ்பீக்கரில் வேலுவின் குரல் கேட்டது. டாக்டரம்மாவிடம் வேலை பார்க்கும் சித்தூர்ப் பையன் அவன். "ஃப்ரீசர்லயா வச்சீங்க? அத்த போட்டுக்காதீங்க சார், வேல செய்யாது. தூக்கிப் போட்டுட்டு நாளைக்கு வந்து வேற எழுதிக்கினு போங்க. ஒரு நாள் லேட்டானா ஒண்ணுமில்ல. மேடம்கிட்ட நான் சொல்லிக்கிறேன். யார் சார் வச்சது, அந்தப் பேசிக்கினே இருப்பாரே, அந்த சாரா?" நீ, "தெரியாம நடந்துபோச்சு வேலு" என்றாய்.

மாமா போனபிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாய். திட்டுவாய் என்று பார்த்தேன். திட்டியிருந்தால் ஒரு ஜோக் சொல்லித் தப்பித்திருப்பேன். "ஃப்ரீசர்ல வெச்சது தெரியாம பண்ணினது. அதுல எனக்குக் கோவமே இல்லப்பா. திரும்ப எடுத்து அதே எடத்துல வெச்சேளே, அது ஏன்?" என்றாய். அன்றைக்கு மாமாவின் டபராவை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டேன். இப்போது சொல்கிறேன். உனக்கு ஒன்றும் ஆகாது என்று நம்பி வைக்கவில்லை. உனக்கு என்ன ஆகும் என்று நான் நினைக்கவே இல்லை. ஒரு முட்டாள்தனம் வெளியே தெரிந்தால் கோஷ்டியில் யார் சிரிப்பார்கள் என்று மட்டும்தான் நினைத்தேன். ஒரே ஒரு நாள் சிரிப்புக்கு இத்தனை பயந்தவன் நான். நீ அதை நாலு வயதிலிருந்து வாராவாரம் வாங்கிக்கொண்டு, எனக்குக் கோஷ்டியில் இடம் பிடித்துக் கொடுத்துக்கொண்டும் இருந்தாய்.

அதற்கப்புறம் நடந்த ஒன்று உனக்கு மறந்திருக்கலாம், எனக்கு மறக்காது. மூன்று மாதம் போனபின், நீ சட்டைக் காலரைச் சின்னதாக்கிய சமயம், சம்பத் மாமா நம்மாத்து வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று, "ஏண்டா, அந்தப் பல்லி ஊசில மிச்சம் மீதி இருந்தா எனக்கும் ஒண்ணு..." என்று இழுத்தார். நான் அந்தக் கணத்துக்காக எத்தனை ஜோக் சேர்த்து வைத்திருந்தேன் தெரியுமா. நீ ஒன்றுக்கும் இடம் கொடுக்கவில்லை. "பேனாவை ரெண்டு பேர் போட்டுக்கப்படாது மாமா. உங்களுக்குப் பித்தப்பையில கல்லு இருக்குன்னு மாமி சொன்னா. டாக்டர் பாத்து வேண்டாம்னாலும் சொல்லலாம். வாங்கோ, நானே அழைச்சுண்டு போறேன்" என்று அவரை பைக்கில் ஏற்றிக்கொண்டு போனாய். உன்னைக் குண்டான் என்று கூப்பிட்டவரைப் பின்னால் உட்காரவைத்து, குலுங்காமல் மெதுவாக ஓட்டிக்கொண்டு போனதை வாசலில் நின்று பார்த்தேன். நான் பெற்ற பிள்ளைதானா என்று சந்தேகம் வந்தது. உன் அம்மாவின் சாயல் என்று முடிவு கட்டினேன்.

சித்தூரில் பெண் பார்க்கப் போனபோது காரில் நான் சொன்ன யோசனையையும் மறைக்கவில்லை. "எடை நூத்தி நாலுக்கு வந்துடுத்து, ஆளும் எடுப்பா இருக்க. ஊசி, மிஷின் எல்லாம் கல்யாணத்துக்கு அப்புறம் மெதுவா சொல்லிக்கலாம்" என்றேன். மறுபடியும் ஃப்ரீசர் புத்தி. பெண் வீட்டார் மொட்டை மாடியில் உங்கள் இருவரையும் பேச விட்டார்கள். துணி எடுக்கிற சாக்கில் படியில் நின்று ஒட்டுக்கேட்டேன். நம் வீட்டுத் துணிகூட இல்லை.

"வாரா வாரம் ஊசி போட்டுக்கறேன். எத்தனை வருஷம்னு டாக்டருக்கே தெரியாது. நிறுத்தினா எடை திரும்பலாம். மூஞ்சியில மிஷின் மாட்டிண்டுதான் தூங்கறேன்" என்றாய்.

"மிஷின் ரொம்பச் சத்தம் போடுமா?" என்றாள் அந்தப் பெண்.

"என் குறட்டையை விடக் கம்மி."

"எங்கப்பாவும் குறட்டை விடறார். அவர் டாக்டர்கிட்ட வரவே மாட்டேங்கறார். நீங்க ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்களேன்."

கல்யாணம் அந்த இடத்தில் நிச்சயமாகிவிட்டது. கீழே சொஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டிருந்த பெரியவர்களுக்குத்தான் அது தெரியாது.

அப்பா என்கிற ஹோதாவில் நான் புத்தி சொல்ல வேண்டும். ஆனால் உன்னிடம் படித்ததையே திருப்பி உனக்குச் சொல்வதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. ஊசி நாளைத் தள்ளிப்போடாதே. குமட்டினால் மாமனார் வீடு என்று பார்த்து மறைக்காதே. விருந்தில் நீ போதும் என்று சொல்லும்போது யாராவது கரண்டியோடு நின்றால், இலையை மடித்துவிடு. கோபித்துக்கொள்கிறவர்கள் மறுநாள் சரியாகிவிடுவார்கள். போன மாதம் ஞாயிறு மத்தியானம், மிஷின் மாட்டாமல் சோபாவில் கொஞ்சம் கண்ணயர்ந்தாய். பேப்பரைப் படிப்பது போலப் பிடித்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருந்தேன். மூச்சு வந்தது, போனது, வந்தது. நடுவில் ஒரு தரம்கூட நிற்கவில்லை. பக்கம் திருப்பாமலே அரை மணி நேரம் பேப்பர் படித்தேன். அதற்காக மிஷினை விட்டுவிடாதே. அதை நிறுத்தலாமா என்று டாக்டரம்மா மறுபடி பரிசோதித்துச் சொல்லட்டும். ஒரு வேளை எடை கொஞ்சம் திரும்பினாலும் திரும்பும். அப்படி ஒரு நாள் வந்தால் என்னிடம் கூச்சப்பட்டு வராமல் இருந்துவிடாதே. என் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராது. சம்பத் மாமாவின் வாய்க்கும் நான் பொறுப்பு.

இன்னும் ஒன்று. வருகிற புதன்கிழமை பதினோரு மணிக்கு டாக்டரம்மாவிடம் டோக்கன் வாங்கியிருக்கிறேன், என் பெயரில். பெயரைச் சொன்னதும் வேலு போனிலேயே, "பேஷண்ட் யார் சார், மெய்யாலுமே நீங்கதானா?" என்றான். ஊசி தருவாரோ, மாத்திரை தருவாரோ, ஒன்றும் வேண்டாம், நடங்கள் என்பாரோ, அது அவர் பார்த்துச் சொல்ல வேண்டியது. எனக்கு அதில் பயமில்லை. காலையில் என்ன சாப்பிடறீங்க என்று கேட்பார், அதுதான் பயம். இரண்டு தோசை என்று சொல்லிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். நீ அரை நாள் லீவு போட்டுவிட்டு வா. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொள். நான் இரண்டு என்றதும், நீ ஐந்து என்று சொல்.

உன் அப்பா